வீட்டைப் பார்க்க வந்த நாள்

இந்த உதவித்தொகை உங்களுக்கு ஏன் தேவை என்பதை நூற்றைம்பது வார்த்தைகளுக்கு மிகாமல் எழுதவும் என்று கேட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையில் காசு இல்லை என்று மூன்று வார்த்தையில் முடிகிற சங்கதிக்கு இவ்வளவு இடம் எதற்கு? அப்போது நான் பி.காம் முதல் வருடம். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் அக்கா என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் இரண்டு இடத்தில் உதவித்தொகை வாங்கியவள், இந்த விஷயத்தில் கரை கண்டவள்.

"இப்பிடி மொட்டையா எழுதாதடி. கஷ்டத்தச் சொல்லணும், ஆனா அழுவக் கூடாது. கடைசியில ஒரு ட்ரீம் வெக்கணும். உனக்கு இன்னா ட்ரீம்?"

"ஃபீஸ் கட்டணும்."

"அது ட்ரீம் இல்லடி, பைத்தியம்."

எனக்கு அதைவிடப் பெரிய கனவு எதுவும் அப்போது இல்லை. அட்மிஷன் சமயத்தில் ஒரு பகுதியைக் கட்டிச் சேர்ந்திருந்தேன். மீதியை செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அம்மா ஹோசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பட்டன் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அங்கே நூல் கத்தரிக்கிற ஹெல்ப்பர் இடம் ஒன்று காலியாக இருந்தது. "உன் பொண்ணு படிப்ப நிறுத்துனா சொல்லு, எடம் வெச்சிருக்கேன்" என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

உதவித்தொகை என்ற உலகத்துக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அதில் எத்தனை கதவுகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பூட்டு என்று. அரசாங்க உதவித்தொகைக்கு ஆன்லைனில் போட்டிருந்தேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, போனுக்கு வரும் ஓடிபி என்று எல்லாம் முடித்தாயிற்று. முன்னால் படித்தவர்களைக் கேட்டால், அது வரும், வரும்போது வரும் என்றார்கள். கல்லூரி கேஷ் கவுன்ட்டரில் இருந்தவரிடம் இந்தத் தத்துவத்தைச் சொல்ல முடியாது. கம்பெனிகள் தருவதில் ஒன்று இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு மட்டும். இன்னொன்று விளையாட்டில் மெடல் வாங்கியவர்களுக்கு. மற்றொன்று அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்கு. எனக்கு இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். அந்த வெப்சைட்டில் அதுவும் ஒரு தகுதிக் குறைவு ஆகிவிட்டது.

கடைசியில் பொருந்தி வந்தது ஒரு தனியார் டிரஸ்ட். மூன்று வருட ஃபீஸை நேராகக் கல்லூரிக்கே கட்டிவிடுவார்கள். சீனியர் அக்கா சொன்னபடி கஷ்டத்தை அழாமல் எழுதி, கடைசியில் ஆடிட்டர் ஆக வேண்டும் என்று ஒரு கனவையும் வைத்தேன். போனில் இன்டர்வியூ எடுத்தார்கள். அதிலும் தேறிவிட்டேன். மீதி இருந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டிரஸ்டின் வாலன்டியர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று மெசேஜ் வந்தது. ஹோம் விசிட்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் கேஜிஎஃப்பிலிருந்து வந்தது. தங்கச் சுரங்கம் மூடியதும் அங்கே எத்தனையோ பேர் ரயில் பிடித்து தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பினார்கள். அப்பாவும் கொஞ்ச வருடம் அப்படி அலைந்துவிட்டு, போதும் என்று பொம்மனஹள்ளியில் வந்து இறங்கினார். சுரங்கக் காலனியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லைன் என்பார்கள். இங்கே வந்து பிடித்ததும் அதே மாதிரி ஒரு லைன் வீடுதான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறேழு ஒற்றை அறைகள், முன்னால் பொதுவாக ஒரு நடை, நடைக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு வரிசை, கோடியில் குழாய். குடியிருந்தவர்களில் முக்கால்வாசி எங்கள் ஊர்க்காரர்களே. அதனால் ஊர்ப் பழக்கமும் மூட்டையோடு சேர்ந்து வந்திருந்தது. ஒரு வீட்டுக்கு வெளியாள் வந்தால் அது லைனுக்கே வந்த ஆள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாற்காலி ஒரு வீட்டிலிருந்து வரும், பெட்ஷீட் இன்னொரு வீட்டிலிருந்து, டம்ளரும் தட்டும் நாலு வீட்டிலிருந்து. வந்தவர்கள் போனதும் எல்லாம் அதது வீடு போய்ச் சேரும். இதில் ஏமாற்றுவதாக யாரும் நினைத்ததில்லை. வெட்கப்பட்டதும் இல்லை.

ஹோம் விசிட் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "வீட்டப் பாக்கவா? எதுக்கு?" என்றாள்.

"பாத்துட்டுத்தான் குடுப்பாங்கம்மா."

"சரி, வரட்டும்" என்று மறுபடி குனிந்துகொண்டாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் என் தலைவலியில், சான்றிதழ்களையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் வர வேண்டிய அன்று காலையில் ஒரிஜினல் சான்றிதழோடு கலர் காப்பியும் வேண்டும் என்று இன்னொரு மெசேஜ். சைபர் சென்டருக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்கு நடுவில் கரண்ட் வேறு போய்விட்டது. ஒருவழியாகக் காப்பி எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினால், எங்கள் வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி. வந்துவிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். வீடு மாறி வந்துவிட்டேனோ என்றிருந்தது.

சுவரோரமாக, மூன்றாம் வீட்டுக்காரர்களின் பெரிய டிவி, ஒரு மேஜையின் மேல். மேஜையும் எங்களுடையது அல்ல. அதற்குப் பக்கத்தில் ஓனரம்மாவின் மிக்சி, பளபளவென்று. எதிர் வீட்டு அக்காவின் குஷன் நாற்காலிகள். சுவரில் புதிதாக ஒரு கடிகாரம். எங்கள் பாயும் தகரப் பெட்டியும் போன இடம் தெரியவில்லை. அப்பா ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி. நைட் டியூட்டி முடித்து வந்தவரைத் தூங்கவிடாமல், யாரோ கல்யாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள் அம்மா. கண்கள் சொருகிச் சொருகித் திறந்துகொண்டிருந்தன.

எதிரே ஒரு அம்மையார், ஐம்பத்தைந்து அறுபது இருக்கும், காட்டன் புடவை, மடியில் ஒரு டேப்லெட். டேபில் ஒவ்வொரு கேள்வியாகத் தட்டிக்கொண்டே வந்தார். தமிழ்தான் பேசினார். ஆனால் அது பெங்களூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டுத் தமிழ்.

"சாருக்கு என்ன வேலைம்மா?"

"செக்யூரிட்டி" என்றார் அப்பா.

"பெரிய அபார்ட்மென்ட் மேடம். இவருதான் அங்க எல்லாம்" என்றாள் அம்மா.

"டிவி இருக்கு... மிக்சி இருக்கு... ஃப்ரிட்ஜ்?"

"வாங்கப் போறோம் மேடம்."

"வீட்டுச் செலவுக்குக் கஷ்டமா இருக்கறதா பொண்ணு எழுதியிருக்காளே?"

அம்மா சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கேள்வி கேட்கும்போது பெற்றவள் சிரிக்கிற சிரிப்பு. "ஒண்ணும் கொறையில்ல மேடம். நல்லாத்தான் இருக்கோம். அவ படிப்புக்கு மட்டும் நீங்க பாத்துக்கினா போதும்."

அந்த அம்மையாரின் விரல் ஸ்கிரீனில் டக்டக்கென்று விழுந்தது. டிவியை ஒரு போட்டோ, மிக்சியை ஒரு போட்டோ.

அம்மா ஏன் இப்படிச் செய்தாள் என்பதை அந்த இடத்திலேயே புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். பிறகுதான் அவளே சொன்னாள். எங்கள் வீட்டுக்குப் பேப்பரும் பேனாவுமாக இதுவரை வந்தவர்கள் ஒரே ஒரு வகை ஆட்கள், மகளிர் சங்கத்துக்குக் கடன் கொடுக்கிறவர்கள். அவர்களும் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். டிவி இருக்கிறதா, மிக்சி இருக்கிறதா, வீடு துடைத்து வைத்தாற்போல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் இல்லாத வீடு என்றால் கையெழுத்துப் போடாமல் நகர்ந்துவிடுவார்கள். அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். இருக்கிற வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள். இல்லாத வீட்டுக்குக் கொடுக்கவென்றே ஆள் வருவார்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. அதனால்தான் லைன் முழுக்க எனக்காகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தது. வாசலில் எல்லோரும் கூடி நின்றிருந்தார்கள், தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். தட்டில் மிக்சரும் லட்டும். அந்த அம்மையார் கையைக் குவித்து, "வேண்டாம்மா, குடிச்சுட்டுத்தான் வந்தேன். எங்க ரூல்ஸ்ல எதுவும் வாங்கிக்கக் கூடாது" என்றார். அம்மா விடவில்லை. "ஸ்வல்பம் மேடம், ஒரு வாய்" என்று டம்ளரை நகர்த்தினாள். அவர் டேபைப் பையில் வைக்கப் போனார். கேள்விகள் முடிந்துவிட்டன.

அந்தப் பை மூடினால் என் படிப்பும் அதோடு மூடியது என்று தெரிந்தது. சட்டை நூல் கத்தரிக்கும் மேஜை கண் முன்னால் வந்து நின்றது.

"மேடம், மூடாதீங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அந்த டம்ளர்ல பேர் இருக்கு பாருங்க."

எங்கள் ஆட்கள் எவர்சில்வர் வாங்கினால் கடையிலேயே மெஷினில் பெயர் வெட்டி வாங்குவார்கள். பாத்திரம் நாலு வீடு சுற்றி வருகிற சாமான் அல்லவா, திரும்பி வரும்போது யாருடையது என்று தெரிய வேண்டும். அவர் டம்ளரைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதும்மா. பேசறதோட சரி. நீயே சொல்லு."

அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அன்று நடந்தது வேறு மாதிரி ஆகியிருக்கும். அவர் மனதுக்குள் படித்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்தேன். டம்ளரில் எதிர் வீட்டு அக்காவின் பெயர். மிக்சர் தட்டில் மூன்றாம் வீட்டுக்காரரின் பெயர், அவர் அப்பா இனிஷியலோடு. லட்டு வைத்த கிண்ணத்தில் கோடி வீட்டுப் பாட்டியின் மருமகள் பெயர். ஒவ்வொன்றாகத் தூக்கி, ரோல் கால் எடுக்கிற மாதிரி, சத்தமாக, இது இவர்களுடையது, இது அவர்களுடையது என்று படித்தேன்.

"ஏய், இன்னாடி பண்ற?" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

நான் நிறுத்தவில்லை. டிவி மூன்றாம் வீடு. மிக்சி ஓனரம்மா. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி எதிர் வீடு. அப்பா போட்டிருக்கிற சட்டைகூட எங்களுடையது அல்ல மேடம். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை குழாய்த் தண்ணீர் மாதிரி வரும், வந்தால் மூடத் தெரியாது. அன்றைக்கு முழுசாகத் திறந்துகொண்டது.

வாசலில் நின்றவர்கள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எதிர் வீட்டு அக்கா மட்டும் வாய் திறந்தாள்.

"இன்னாடி இது, எங்க பேரயெல்லாம் ஏலம் வுடற மாதிரி வுட்டுக்கினு கீற?"

அந்த அம்மையார் டேபை மறுபடி வெளியே எடுத்தார். எடுத்த போட்டோக்களை எங்கள் கண் முன்னாலேயே அழித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தப் போட்டோவோட அனுப்பினா ரிஜெக்ட்தான் ஆகும். இருக்கறபடி எடுக்கணும். ஆகுமா?"

ஆகுமா என்றால் என்ன சொல்வது? சாமான்கள் திரும்பிப் போக ஆரம்பித்தன. நான் சைபர் சென்டரில் நின்றிருந்தபோது அவசர அவசரமாக உள்ளே வந்தவை, இப்போது எல்லோரும் பார்க்க நடையைக் கடந்து அதது வீட்டுக்குப் போயின. டிவியை அப்பாவும் மூன்றாம் வீட்டுக்காரரும் தூக்கினார்கள். "தள்ளு, வயரு மாட்டிக்கும்" என்றார் அப்பா என்னிடம். அன்று அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். ஓனரம்மா வந்து மிக்சியை எடுத்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ முனகிக்கொண்டு போனாள். எதிர் வீட்டு அக்கா நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுத்துக்கொண்டு போன சத்தம் நடை முழுக்கக் கேட்டது. அம்மா ஸ்டவ்வைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். பாலில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

பாயும் பெட்டியும் கோடி வீட்டிலிருந்து திரும்பி வந்தன. பெட்டி மேல் என் புத்தகங்களை அடுக்கினேன். எங்கள் டேபிள் ஃபேனும் வந்தது. பார்க்க அறை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அந்த அம்மையார் இப்போது நின்றபடியே போட்டோ எடுத்தார். நாற்காலி இல்லையே. கடைசியாக, குடும்பத்தோடு ஒன்று வேண்டும் என்றார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் தோள் என் மேல் படவில்லை. ஒரு நாளும் அப்படி நின்றதில்லை அவள்.

போட்டோ முடிந்ததும் அம்மா திரும்பிப் போய்க் காபியைச் சூடு பண்ணினாள். எங்கள் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்கு வந்தது, வயிற்றில் ஒரு நசுங்கல், அவள் பெயர் பாதி தேய்ந்து போயிருந்தது.

"இது நம்ம டம்ளருதான் மேடம். குடிங்க."

அந்த அம்மையார் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். ரூல்ஸைப் பற்றிப் பேசவில்லை. நின்றபடியே வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

உதவித்தொகை கிடைத்தது. மெயில் வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா மறுநாள் சூப்பர்வைசரிடம் ஹெல்ப்பர் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். என்னிடம் அதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள், சோறு போடாமல் இருந்தாள் என்றெல்லாம் எதுவும் நடக்கவில்லை. ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டிவி நம்மளது இல்லன்னு சொல்லி இருந்தா போதும்ல. பேரு பேரா வாசிக்கணுமா?"

"நீ அதெல்லாம் கொண்டாந்து வெக்காம இருந்திருந்தா நான் ஏன் வாசிக்கப் போறேன்?"

அவள் மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். நான் சொன்னது சரிதான் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வாசிக்காமல் இருந்திருந்தால் நான் இன்று ஆபீஸ் பஸ்ஸில் ஏறி ஒயிட்ஃபீல்டுக்குப் போய் ஒரு கம்பெனியின் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் லைனில் ஒன்று நின்றுபோனது. அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் எதுவும் கேட்டு வரவில்லை. அம்மாவும் யார் வீட்டுக்கும் கேட்டுப் போகவில்லை. சர்க்கரை தீர்ந்தால் சர்க்கரை இல்லாத காபி. பேச்சு இருந்தது, குழாயடியில் சிரிப்பு இருந்தது, கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கலும் வந்துபோயின. தட்டு மட்டும் அன்றே கழுவித் திரும்பிவிடும். கோடி வீட்டுப் பேத்தியைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் டேபிள் ஃபேனைக் கேட்பார்கள் என்று அம்மா துடைத்து வைத்திருந்தாள். கேட்கவில்லை. அன்று முழுக்க அதை அவள் போடவே இல்லை. பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வருடா வருடம் ஹோம் விசிட் உண்டு. அதே அம்மையார்தான் வருவார். அம்மா ஓவர்டைம் என்று ஃபேக்டரிக்குப் போய்விடுவாள். அப்பா தன் சொந்தச் சட்டையில் உட்கார்ந்து பதில் சொல்வார். டிரஸ்டின் விழாவில் எங்களை மேடையில் நிறுத்திக் கைதட்டியபோதும் அப்பா மட்டும்தான் வந்தார். அங்கே ஃப்ரேசர் டவுனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். ஹோம் விசிட் வருகிறது என்று அவள் வீட்டில் புது பெயின்ட் அடித்தார்களாம். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம், பெயின்ட் செலவு" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். இப்ப ஒண்ணும் வேணாம், வேணும்போது கேக்கறேன் என்றாள். கேட்கவே இல்லை. டிவியும் மிக்சியும் நானாக வாங்கி வைத்தேன்.

போன மாதம் எதிர் வீட்டு அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் மகள் பியூசி முடித்து பி.எஸ்சி சேர்ந்திருக்கிறாள். "அந்த ஸ்காலர்ஷிப்பு எங்க பொண்ணுக்கும் போட்டுக் குடேன்" என்றாள். பழைய விஷயத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். நூற்றைம்பது வார்த்தையையும் சேர்ந்து எழுதினோம். அந்தப் பெண்ணிடம் ட்ரீம் என்ன என்று கேட்டேன். "ஃபீஸ் கட்டணும்க்கா" என்றாள். அது ட்ரீம் இல்லடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஹோம் விசிட் என்று மெசேஜ் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் நின்று அக்காவுக்குப் பெரிய பாடமே நடத்தினேன். யார் வீட்டிலிருந்தும் எதையும் வாங்கி வைக்காதீர்கள், இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், பழைய குஷன் நாற்காலி கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அம்மா எங்கள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில், "சிக்பேட்டைக்குப் போலாம் வா. டம்ளர் வாங்கணும்" என்றாள். அவள் கேட்டதே இல்லையே என்று நானும் சந்தோஷமாகக் கிளம்பினேன். மெட்ரோ பிடித்துப் போய், பாத்திரக் கடையில் ஏறி இறங்கி, ஒரு டஜன் டம்ளரும் நாலு தட்டும் எடுத்தாள். தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, வெயிட்டாகப் பார்த்துத்தான் எடுத்தாள். கடைக்காரர் பெயர் வெட்டுகிற மெஷினைப் போட்டார். "இன்னா பேரு போடணும் சொல்லுங்க" என்று முதல் டம்ளரைக் கையில் பிடித்தார். நான் அம்மாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பேரு வேணாம்" என்றாள் அம்மா.

"ஃப்ரீதான்மா, காசு இல்ல."

"ஃப்ரீன்னாலும் வேணாம்."

"பேர் இல்லன்னா தொலஞ்சிடும்மா" என்றேன் நான்.

அம்மா கடைக்காரர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"நாளைக்கு எதிர் வீட்டுக்கு ஆளு வர்றாங்கல்ல. நீ சொன்ன மாதிரியே டிவி வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா வந்தவங்களுக்குக் காபி குடுக்கணும்ல. அந்தப் பொண்ணும் உன்ன மாதிரி வாய்க்காரிதான். திருப்பிப் பாத்தாலும் வாசிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு டம்ளர்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார். நான் காசைக் கட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன்.